சிமிட்டிப் புராணம்

ஏ தம்பி, வீடு கட்டப் போறியாமே? கட்டு, கட்டு. கையில துட்டு இருக்கவன் கட்டுவான். இல்லாதவன் கட்டுனவன் வீட்டுக்குப் போயி குத்தம் கண்டுபிடிப்பான். நான் ரெண்டாவது கூட்டம். கரண்டியக் கீழ வச்சாச்சு, வாய் மட்டும் இன்னும் ஓஞ்சபாடில்ல. நான் சொல்லுததக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

இப்பல்லாம் வீடு கட்டுதவனப் பாத்தா எனக்குச் சிரிப்பாணியா வருது. நிலத்துல வானம் தோண்டுததுக்கு முன்னாடியே வாயில வீட்டக் கட்டி முடிச்சிருதான். கிரேடுங்கான். கிரேடுக்குள்ள சூப்பருங்கான். சூப்பருக்கு மேல பிரீமியமுங்கான். டிவியில ஒருத்தன் சுவத்த முட்டுதான், சுவரு அசையல, இவன் மனசு அசஞ்சு போவுது. மூட்டைக்கு எம்புட்டுக் கூடன்னாலும் அதத்தான் வாங்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். நில்லு. நானா வேண்டாங்கேன்? ஒரே ஒரு கேள்விக்குப் பதிலச் சொல்லிட்டு நில்லு.

சிமெண்டுன்னா என்னடே?

என்ன முழிக்க? கட்டடம் கட்டுத பொடின்னு எனக்கும் தெரியும். வாழ்நாள் பூரா அதக் கொழச்சுத்தான் கஞ்சி குடிச்சேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு கேக்கேன். ஆயுசுல பாதிய அடகு வச்சு ஒண்ண வாங்குத. அது பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியாதா? பொண்ணு பாக்கப் போனா மொதல்ல பேரத்தானடே கேப்ப?

நம்ம ஊருப் பொம்பளைங்க அத சிமெண்டுன்னு சொல்ல மாட்டாங்க. சிமிட்டின்னுதான் சொல்லுவாங்க. சிமிட்டித் தரை, சிமிட்டித் தொட்டி. நீ அதக் கேட்டுச் சிரிப்ப, பட்டிக்காட்டுப் பேச்சுன்னு. எனக்கென்னவோ அவங்க சொல்லுததுதான் பொருத்தம்னு படுது. பேருல இருந்து விலை வரைக்கும் அது மனுசனப் பாத்துக் கண்ணச் சிமிட்டிக்கிட்டேதானே இருக்கு? கடலத் தாண்டி யாழ்ப்பாணத்துப் பக்கம் போனா சீமெந்துங்காங்க. படிச்ச பெரியவங்க பைஞ்சுதைன்னும் சீமைக்காரைன்னும் அழகா பேரு வச்சிருக்காங்க. அதப் புத்தகத்துல வச்சுப் பூட்டியாச்சு. கடையில போயி நாலு மூட்டை பைஞ்சுதை குடுன்னு கேட்டுப் பாரேன். பலசரக்குக் கடைக்கு வழி சொல்லுவான்.

எனக்கு அர்த்தம் சொன்னது ஒரு சாமியாரு. நம்ம பக்கம்தான் வேதக்கோயிலுக்குப் பஞ்சமில்லையே. கோயில் மதிலுக்குப் பூச்சு நடக்கு. நான் பாண்டுல கலவை அள்ளிக்கிட்டு நிக்கேன். பழைய காலத்து மனுசன், லத்தீன்லயே பூசை வச்சவரு, பைய வந்து பக்கத்துல நின்னாரு. ‘என்னய்யா கொழைக்கீரு?’ன்னாரு. ‘சிமிட்டி சாமி’ன்னேன். ‘தப்பு. சிமிட்டி அங்க கெடக்கு’ன்னு கையக் காட்டுனாரு. அங்க என்ன கெடந்துச்சுங்க? ஜல்லி! குவிச்சுப் போட்ட கருங்கல் ஜல்லி.

சாமியாருக்குக் கோட்டி கீட்டி புடிச்சிட்டோன்னு நெனச்சேன். அவரு உக்காந்து பாடமே எடுத்துட்டாரு. லத்தீன்ல ‘சேமெந்தும்’னு ஒரு சொல்லு. வெட்டுதல்ங்கிற சொல்லுலேருந்து பொறந்தது. கல்லுக்குழியில வெட்டிப் போட்ட துண்டுக்கல்லு, சில்லு, ஜல்லி, அதுக்குத்தான் அந்தப் பேரு. பொடிக்கில்ல, கல்லுக்கு. ஏசு பொறக்கதுக்குக் கொஞ்சம் முந்தி ரோமாபுரியில விட்ருவியஸ்னு ஒரு கட்டடக்காரன் இருந்தான். பத்துப் பாகமா புத்தகம் எழுதி வச்சான். அதுல அந்தச் சொல்லு ஜல்லிக்கல்லாத்தான் வருது. ஒட்ட வைக்கிற சாந்துக்கு அவன் சொன்னது வேற. சுண்ணாம்பு, மணலு, நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைப் பொடி.

அப்புறம் பேரு எப்படிப் பொடிக்கு வந்துச்சு? கொத்து வேலையில நடக்கிற கூத்துதான். ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் சேத்துப் போட்ட கட்டுக்கு ஜல்லி பேருதான் இருந்துச்சு. பொறவு செங்கல்லையும் ஓட்டையும் இடிச்சுப் பொடியாக்கிச் சுண்ணாம்போட சேத்தாங்க. அந்தப் பொடிக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு. அங்கேருந்து பிரெஞ்சுக்காரன் வாய்க்குப் போச்சு, அப்புறம் இங்கிலீசுக்காரன் வாய்க்குப் போச்சு. போய்ச் சேரும்போது கல்லு கழண்டுட்டு, ஒட்டுப்பசை மட்டும் பேரத் தூக்கிக்கிட்டு நடக்கு. வெயில்ல கெடந்து வெட்டுப்பட்டது ஒருத்தன், பத்திரிகையில பேரு போட்டுக்கிட்டது இன்னொருத்தன். ஒனக்கு இது புதுசா? ஒங்க ஆபீசுலயும் அதானடே நடக்கு?

காங்கிரீட்டுன்னு இன்னொண்ணு சொல்லுதியே, அதுவும் லத்தீன்தான். ஒண்ணாச் சேந்து வளந்ததுன்னு அர்த்தம். அது நேர்மையான பேரு, அத விட்டுருவோம். இங்கிலீசுல சாந்துக்கு மார்ட்டருங்காங்க. அது லத்தீன்ல உரலு. இடிக்கிற உரலுக்கும், சாந்து கொழைக்கிற தொட்டிக்கும் அதே சொல்லு. நம்ம ஊர்ல மாட்டப் பூட்டி, வட்டப் பள்ளத்துல கல்லுருளைய ஓட்டி சுண்ணாம்பு அரைச்சாங்களே, அதப் பாத்தவனுக்கு இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு விளக்க வேண்டியதில்ல. நீ பாத்திருக்க மாட்ட. நீ பாத்ததெல்லாம் சுத்துத மிக்சர் வண்டி.

சொல்லு ஆராய்ச்சின்னு வந்துட்டா என்னையே எடுத்துக்கோ. மேஸ்திரி, மேஸ்திரின்னு ஊரே கூப்புட்டுச்சு. நான் ஏதோ தமிழ்ப் பட்டம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன். அது போர்த்துக்கீசுக்காரன் குடுத்த பேராம்டே! அவன் ‘மெஸ்த்ரே’ன்னான். தலைவன், ஆசான்னு அர்த்தம். இங்கிலீசு மாஸ்டரும் அதே லத்தீன் வயித்துல பொறந்ததுதான். காலேசு வாத்தியாரும் நானும் பங்காளி. தூத்துக்குடிக் கரையில முத்துக்குளிக்கிற எடத்துல அவன் வந்து எறங்கி 500 வருசம் ஆகப்போவுது. அவன் போயிட்டான். சன்னலையும் சாவியையும் அலமாரியையும் நம்ம வீட்டுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டான். வாடகையும் கேக்கல.

சரி, ரோமாபுரிக்கு வருவோம். அங்க பாந்தியன்னு ஒரு கோயிலு. ஹாட்ரியன்னு ராசா இருந்த காலத்துல கட்டி முடிச்சது, 1,900 வருசம் ஆவுது. அதுக்கு மேல ஒரு கும்மட்டம். இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு 43 மீட்டரு. ஒத்தத் தூணு நடுவுல கெடையாது. கம்பி? ஒரு முழம் கம்பி கெடையாது. வெறும் சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பலு, ஜல்லி. கீழ கனத்த கல்லப் போட்டான், மேல போகப்போக லேசான கல்லாப் போட்டான், உச்சியில நுரைக்கல்லப் போட்டான், நட்ட நடுவுல ஓட்டைய விட்டுட்டான். பாரம் கொறஞ்சிட்டு. இன்னைக்கும் மழை பெஞ்சா அந்த ஓட்டை வழியா உள்ள கொட்டுது, தரையில விட்ட துளை வழியா வெளிய போயிருது. கம்பியில்லாத காங்கிரீட்டுக் கும்மட்டத்துல அதத் தாண்டுன அளவு இன்னும் ஒலகத்துல கெடையாது.

அவன் எந்தக் கிரேடு போட்டான்? எந்த நடிகரு வந்து முட்டிக் காமிச்சாரு? பாரத்தப் பாத்தான், கல்லப் பாத்தான், கட்டுனான். ஒன்னோட அடுக்குமாடிக்காரன் என்ன சொல்லுதான்? தட்டட்டி ஒழுகுனா வாரண்டி அஞ்சு வருசம்ங்கான். ஆறாவது வருசம் ஒழுகும்னு அவனே தேதி குறிச்சுக் குடுக்கான். நீ கையெழுத்துப் போடுத.

இதக் கேட்டதும் ஒனக்குள்ள ஒரு பய முழிச்சிருப்பான். ‘தாத்தா, நம்ம முன்னோர்தான் சிமெண்டக் கண்டுபிடிச்சாங்களாம், வாட்சப்புல வந்துச்சு’ன்னு. எய்யா, ஒன் கால்ல விழுதேன். நம்ம ஆளு சுண்ணாம்புல கெட்டிக்காரன். அது உண்மை, அது போதும். தஞ்சாவூருக் கோயில் விமானம் நிக்கது கல்லு மேல கல்லு உக்காந்த கணக்குல. அதப் போயி சிமெண்டுன்னு சொன்னா ராசராசன் சிலை கூட மொகத்தச் சுளிக்கும். இல்லாத பெருமையத் தேடி அலையுதவன் இருக்கிற பெருமையத் தொலைச்சிருவான்.

இருக்கிற பெருமை என்னங்கியா? மெட்ராஸ் சுண்ணாம்பு. கடல் சிப்பியச் சுட்டு, நீத்து, அரைச்சு, அரைச்சத மறுபடியும் அரைச்சு, சுவத்துல ஏத்தி, கூழாங்கல்லால தேய்ப்பாங்க. தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. முட்டை வெள்ளைக்கரு, தயிரு, நெய்னு என்னென்னவோ சேரும். கப்பல விட்டு எறங்குன வெள்ளைக்காரன் தூணத் தடவிப் பாத்து சலவைக்கல்லுன்னே நம்பிட்டான். பொறவு அசந்து போயி அந்தப் பேரயே எடுத்துக்கிட்டான். வடமொழியில சூர்ணம், நம்ம வாயில சுண்ணம், அவன் வாயில சுனாம். 1886-ல ஹாப்சன் ஜாப்சன்னு ஒரு அகராதி போட்டாங்க, இந்தியாவுல பொறுக்குன சொல்லையெல்லாம் கூடையில அள்ளிப் போட்ட அகராதி. அதுல நம்ம சுண்ணாம்பு ஏறி உக்காந்திருக்கு. அவன் நம்ம சுண்ணாம்பக் கொண்டு போனான், நாம அவன் சிமெண்டக் கொண்டு வந்தோம். யாரு லாபம்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

அந்தப் பூச்ச நம்ம ஆளே இடிச்சுத் தள்ளுனான். ‘பழசு, காரை பேருது’ன்னான். இப்ப மலைப்பக்கம் ஒரு சொகுசு விடுதியில அதே சுண்ணாம்புல கடுக்காத் தண்ணியும் கருப்பட்டியும் சேத்துப் பூசி, ஹெரிடேஜ் ஃபினிஷுன்னு பேரு வச்சு, ஒரு ராத்திரி தங்க ஒரு மாசச் சம்பளம் கேக்கான். பேரன் போயி தங்கி, சுவத்தோட நின்னு போட்டோ புடிச்சு பாட்டிக்கு அனுப்புதான். பாட்டி அந்த மாதிரிச் சுவத்துலதான் சாணி தட்டுனா.

இன்னொரு கூத்து கேளு. பூசாம விட்ட சுவருக்கு எக்ஸ்போஸ்டுன்னு பேராம். எங்க காலத்துல பூசாத சுவருன்னா அந்த வீட்டுல காசு தீந்து போச்சுன்னு அர்த்தம். ஒறமொற வந்தா வாசல்லயே உக்கார வச்சு அனுப்பிருவோம். இப்ப பூசாம விடுததுக்குப் பூசுததவிட கூலி கூட. கேட்டா, ‘அந்த நேர்மைதான் அழகு அங்கிள்’ங்கான் ஒரு சின்னப்பய. சுவருக்கு என்னடே நேர்மை?

பேரு விசயத்துக்கு வாரேன், அதுல இன்னும் சரக்கு கெடக்கு. ரோமாபுரி விழுந்ததுக்கப்புறம் தண்ணிக்குள்ள இறுகுத சாந்து வைக்கிற கைப்பக்குவத்தையே பெரும்பாலும் விட்டுட்டாங்க. 1756-ல இங்கிலாந்துல ஜான் ஸ்மீட்டன்னு ஒரு இஞ்சினீயரு. நடுக்கடல் பாறையில, எடிஸ்டோன்ங்கிற எடத்துல, கலங்கரை விளக்கம் கட்டணும். அலை வந்து அடிக்கும், சாதாச் சுண்ணாம்பு கரைஞ்சு ஓடிரும். மனுசன் சும்மா இருக்கல. ஊர் ஊரா சுண்ணாம்புக்கல்ல வரவழைச்சு, சுட்டு, உருண்டை புடிச்சு, தண்ணிக்குள்ள போட்டுப் பாத்தான். களிமண்ணு கலந்த சுண்ணாம்புக்கல்லுதான் தண்ணியில கெட்டியா நிக்கும்னு கண்டுபிடிச்சான். சுத்தமான வெள்ளைக்கல்லு தோத்துச்சு, அழுக்குக் கல்லு செயிச்சுச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். இவன்தான் மெய்யான வேலைக்காரன். இவன் பேருல ஒரு மூட்டை கெடையாது பாத்துக்கோ.

அதுக்கப்புறம் யாவாரி வந்தான். 1796-ல பார்க்கருன்னு ஒருத்தன் ஆத்து முகத்துவாரத்துக் களிமண் கட்டியச் சுட்டுப் பொடியாக்கி உரிமை வாங்குனான். பேரு என்ன வச்சான்? ரோமன் சிமெண்டு! ரோமாபுரிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மூலப்பொருளும் வேற, முறையும் வேற. ரோமன்னு போட்டாத்தான் சனம் வாங்கும். ஒனக்கு இத்தாலியன் மார்பிள்னு சொல்லி ராஜஸ்தான் கல்லத் தலையில கட்டுதானே, அவனுக்கு இவன் பாட்டன் மொறை.

1824-ல வந்தான் நம்ம தொழில்காரன். ஜோசப் ஆஸ்ப்டின். லீட்ஸ் ஊருக் கொத்தனாரு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேத்துச் சுட்டுப் பொடியாக்கி, செயற்கைக் கல்லு செய்யுத வழின்னு உரிமை வாங்கிட்டான். அதுக்கு போர்ட்லேண்டு சிமெண்டுன்னு பேரு போட்டான். போர்ட்லேண்டுங்கது இங்கிலாந்துக்குத் தெக்க ஒரு தீவு. அங்க வெட்டுத கல்லுல லண்டன்ல பெரிய பெரிய மாளிகை கட்டியிருக்காங்க, மவுசான கல்லு. சரக்கு அங்கேருந்து வந்துச்சா? இல்ல. அந்தத் தீவுலேருந்து ஒரு பிடி மண்ணு கூட வரல. ‘இறுகுனா அந்தக் கல்லு மாதிரி இருக்கும்’னான். அம்புட்டுத்தான். கொத்தனாருன்னாலும் விவரம் தெரிஞ்ச கொத்தனாரு.

அவன் மகன் வில்லியம் இருக்கானே, அப்பனத் தூக்கிச் சாப்புட்டவன். இன்னைக்கு நாம போடுத சிமெண்டுக்குக் கிட்டத்துல வந்தது அவன் சரக்குதான், அத மறுக்கப்படாது. சூளைக்குள்ள நல்லா சூடேத்திச் சுட்டு கட்டி கட்டியா எடுத்தான். ரகசியம் வெளிய போயிரப்படாதுல்லா? அதுக்கு ஒரு நாடகம் போட்டான். ஐசக் ஜான்சன்னு அவனுக்கு எதிராளி ஒருத்தன் பின்னாடி எழுதி வச்சிருக்கான். பல அறை வச்ச ஒரு தட்டு. அதுல துத்தம், சுண்ணாம்புக்கல் பொடி, இன்னும் என்னென்னவோ. சூளையில ஒரு அடுக்கு ஏத்தினதும் இவன் உள்ள போயி, அந்தப் பொடியில ஒவ்வொரு கையா அள்ளித் தூவிட்டு வருவானாம். வேலை பாக்குதவனெல்லாம் அந்தப் பொடியிலதான் சூச்சுமம் இருக்குன்னு வாயப் பொளந்துக்கிட்டு நிப்பான். பொடியில ஒரு மண்ணும் கெடையாது. சூச்சுமம் சூட்டுல இருந்துச்சு. 

இப்ப ஒன் மூட்டைக்கு வா. நம்ம பக்கம் வீட்டுக்கு நெறையப் பேரு வாங்குதது பிபிசின்னு எழுதுன மூட்டை. விரிச்சா என்ன? போர்ட்லேண்டு பொசோலானா சிமெண்டு. மொதச் சொல்லு இங்கிலீசுத் தீவு. ரெண்டாவது, நேப்பிள்ஸ் பக்கத்துல பொசோலின்னு ஒரு ஊரு, அந்த எரிமலைப் பொடிக்கு அதுதான் பேரு. மூணாவது ஜல்லி. உள்ள என்ன இருக்கு? தீவு கெடையாது, எரிமலை கெடையாது, ஜல்லியும் கெடையாது. நம்ம சுண்ணாம்புக்கல்லு, களிமண்ணு, கொஞ்சம் ஜிப்சம், அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரிஞ்ச சாம்பலு. நூத்துக்கு 15-லேருந்து 35 வரைக்கும் சாம்பல் இருக்கலாம்னு சட்டமே சொல்லுது. சாம்பல்னதும் பதறாத. அது நல்லதுதான். ரோமாபுரிக்காரன் எரிமலைச் சாம்பல வச்சு என்ன செஞ்சானோ, அதத்தான் இது செய்யுது. மூணு பேருலயும் பொய்யி, சரக்கு மட்டும் உண்மை. அரசியல்ல தலைகீழா இருக்கும்.

இந்தச் சிமிட்டி நம்ம நாட்டுக்கு வந்தது பீப்பாய்ல, கப்பல்ல. 1904-ல மெட்ராசுல ஒரு கம்பெனி கடல் சிப்பிய வச்சே இங்கனயே செஞ்சு பாத்துச்சு. நம்ம சுண்ணாம்புக்குச் சுட்ட அதே சிப்பி! நீடிக்கல. பொறவு 1914-ல குசராத்துப் போர்பந்தர்ல நெலச்சுச்சு. காந்தி பொறந்த ஊரு. 1934-ல கோயமுத்தூருப் பக்கம் மதுக்கரையில வந்துச்சு. 1949-ல நம்ம தாழையூத்துல. கல்லு காலடியில கெடந்துச்சு, அத நாம காலங்காலமா மிதிச்சுக்கிட்டே அலைஞ்சிருக்கோம்.

ஆலை வந்தா சரக்கு கெடைச்சிருமா? கெடைக்காது. அரசாங்கம் விலையக் கட்டி வச்சிருந்துச்சு. பெர்மிட்டு வேணும். மனு எழுதி, பிளானக் காட்டி, தாலுகா ஆபீசு வாசல்ல நின்னு, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் மூட்டை. எத்தனயோ பேரு வாசக்கால் வச்சிட்டு, சிமிட்டிக்குக் காத்திருந்து, வாசக்கால்ல கறையான் ஏறுத வரைக்கும் உக்காந்திருந்தான். 1982-ல மராட்டியத்துல ஒரு முதலமைச்சரு நாற்காலி ஆடி விழுந்ததே சிமிட்டி விவகாரத்துலதான். அந்த வருசம் கட்டுப்பாட்டப் பாதி தளத்துனாங்க, 1989-ல முழுசா விட்டாங்க. அன்னைக்குக் கெடைச்சா போதும்னு எந்த மூட்டையா இருந்தாலும் தோள்ல தூக்கிட்டு ஓடியாந்தோம். அந்த வீடெல்லாம் நிக்குதாடேன்னு போயிப் பாரு. நெறைய நிக்குது. இன்னைக்குக் கெடந்து குமியுது, அதனால ஒனக்கு சூப்பரு, பிரீமியம்.

53 கிரேடுங்கியே, அந்தக் கணக்காவது தெரியுமா? ஆய்வுக்கூடத்துல, அளந்த மணலு, அளந்த தண்ணி, ஒண்ணுக்கு மூணுன்னு கலந்து, அச்சுல ஊத்தி, 28 நாளு பதமா தண்ணியில வச்சு, மெசின்ல அமுக்குனா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்கணும். அதான் கணக்கு. அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. ஒன் வீட்டுல என்ன நடக்கு? சித்தாளு ஒருத்தன் குழாயத் தொறந்து விட்டுட்டு போன்ல பேசுதான். கலவை ரசமா ஓடுது. கேட்டா, ‘அப்பத்தான் அண்ணாச்சி சுளுவா எறங்கும்’ங்கான். எறங்கும்டே, எறங்கும். ஒன் 53 அங்கயே எறங்கிப் போச்சு. 50 கிலோ மூட்டைக் காங்கிரீட்டுக்கு 25-லேருந்து 30 லிட்டரு தண்ணி. அதுக்கு மேல ஊத்துன ஒவ்வொரு வாளியும் நீ குடுத்த பிரீமியம் காசக் கழுவிட்டுப் போவுது. பொறவு விரிசல் விட்டா சிமிட்டி சரியில்லங்கான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கூடத்தக் கட்டுனதும் நாங்கதான், எங்களுக்குத் தெரியாதா?

பூச்சு வேலைக்கு 53 எதுக்குன்னு ஒருத்தனாவது கேக்கானா? வேகமா இறுகும், சூடு கூட, விரிசல் விடும். சுவத்துக்கு அம்புட்டு வீரம் தேவையில்ல. அது சண்டைக்கா போவுது?

கடைசியா ஒண்ணு. இதக் காலேசுலயும் சொல்லுவாங்க, நீ பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்ப. ‘காங்கிரீட்டு காஞ்சிட்டா?’ன்னு கேக்காங்க பாரு, அந்தக் கேள்வியே தப்பு. சிமிட்டி காஞ்சு இறுகுத சரக்கில்ல. சுண்ணாம்பு காத்தக் குடிச்சுக் கல்லாவும். சூளையில விட்ட மூச்ச காத்துலேருந்து திரும்ப வாங்கிக்கிட்டு, நிதானமா, வருசக்கணக்கா. சிமிட்டி தண்ணியக் குடிச்சுக் கல்லாவும். தண்ணி இல்லைன்னா பாதியில நின்னு போகும், பொறவு எம்புட்டு ஊத்தினாலும் போனது போனதுதான். சாதாச் சிமிட்டிக்கு 7 நாளு, சாம்பல் கலந்ததுக்கு 10 நாளு கொறஞ்சது. நம்ம வெயிலுக்கு 14 நாளு நனைச்சா நல்லது. இதுக்கு ஆகுத செலவு என்ன? தண்ணி, ஒரு சாக்கு, ஒரு ஆளு. இதச் செய்ய மாட்டான். மூட்டைக்கு அம்பது ரூவா கூடக் குடுப்பான், சாயங்காலம் ஒரு கொடம் ஊத்த மாட்டான். அது போட்டோவுல வராதுல்லா?

அதனால இப்படிச் செய்யி எய்யா. கடைக்குப் போனா மூட்டையில எந்த நடிகரு சிரிக்காருன்னு பாக்காத. எந்த வாரம், எந்த வருசம் அடைச்சதுன்னு அச்சடிச்சிருக்கும், அதப் பாரு. 3 மாசம் தாண்டியிருந்தா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரு. வீட்டுல தரையில அடுக்காத, பலகை போட்டு, சுவத்த விட்டுத் தள்ளி அடுக்கு. தட்டட்டிக்குக் காங்கிரீட்டு போடுத அன்னைக்கு மொய்விருந்து மாதிரி பிரியாணி போடு, வேண்டாங்கல. மறுநாளு காலையில பாத்தி கட்டித் தண்ணிய நிறுத்து. 14 நாளைக்கு மோட்டர நிறுத்தாத. கெரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிக்கதெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.